வரிக் கணக்கு எழுதுபவரின் பொறுப்பு

ஜூலை மாதம் பிறந்தால் வருமான வரிக் கணக்கு எழுதித் தருவோருக்கு அறுவடைக் காலம். ஏனைய மாதங்களில் வேறு தொழில் செய்வோரும் அப்பொழுது இவ்வேலையில் இறங்குகின்றனர். இது பணக்காரர்களைப் பற்றிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களின் நிலைமையைச் சற்று யோசித்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

பாதரட்சைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண், ஐந்து வருஷ சேவை முடியுமுன் விலகித் தமது பிராவிடண்டு பண்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்து, தமக்கு வரி இல்லை என்ற உறுதிமொழித் தாளை அவர் கொடாவிட்டால், பான் கார்டு இருந்தும் நூற்றுக்கு 10 வீதம் பிடிக்கப்படுகிறது. 60,000 ரூபாயில் 6,000 ரூபாய் போய்விடும். அவர் வரி செலுத்த வேண்டியவரே அல்லர். ஆயினும் கணக்குத் தாக்கல் செய்தாலன்றி அப்பணம் திரும்பி வராது. ஆகவே கணக்கு எழுதுபவரை அவர் நாடியே தீரவேண்டும்.

இந்த அவசியத்தையே முதலாக வைத்துப் பிழைக்கும் தரகர்களும் உளர். திரும்பி வரும் தொகையில் பங்கு பேசிக்கொண்டு, கட்டாத இன்ஷியூரன்ஸையும் கொடாத நன்கொடையையும் கணக்கில் ஏற்றிவிடுகின்றனர். இத்தகைய மோசடிகளுக்காகவே 2025 ஜூலை 14-ந் தேதி வருமான வரி இலாகா தேசமெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளை வாபஸ் பெற்றனர் என்றும் அறிவித்தது. நோட்டீஸ் வருவது யாருக்கு? கையொப்பத்துக்கு உரியவருக்கே. வட்டியும் அபராதமும் அவர் தலையில்தான் விழும். எழுதியவரோ அடுத்த பருவத்துக்குத் தயாராகிவிடுகிறார்.

சர்க்கார் இதை அறியாதவர்கள் அல்லர். பட்டதாரிகளைப் பயிற்றுவித்து, அவர்கள் எழுதும் கணக்கில் தம் பெயரையும் எண்ணையும் இட்டுக் கையொப்பமிடச் செய்யும் திட்டம் 2006-லேயே ஏற்பட்டது. ஆனால் அத்திட்டத்துக்குப் புறம்பாகக் கூலிக்கு எழுதும் தரகரை அந்த விதி தீண்டவில்லை. அமெரிக்காவிலோ, கூலி பெற்றுக் கணக்கு எழுதுபவர் எவராயினும் தமக்குரிய எண்ணைக் குறித்துக் கையொப்பமிட்டாக வேண்டும்.

கூலி வாங்கிக் கணக்கு எழுதும் ஒவ்வொருவரும் தம் பெயரை அதில் பதிய வேண்டுமென்று இங்கும் சட்டம் செய்யவேண்டும். திரும்பும் பணத்தில் பங்கு கேட்பதைத் தடுத்து, நிலையான கட்டணம் விதிக்கவேண்டும். சட்டம் வரும்வரை நமது தொழிற்சங்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் ஊருக்கு ஒரு மேஜை போட்டு, கணக்கறிந்த வாலிபர் இருவரை உட்கார வைப்பது அவற்றால் ஆகாத காரியமா? உழைத்தவள் காசு உழைத்தவளிடமே சேரவேண்டும். இதற்குப் பெரிய கிளர்ச்சி வேண்டாம். பொறுப்புள்ள ஒரு கையொப்பம் போதும்.