நீலகிரியின் எக்ஸ் இயந்திரங்கள்

பழம்பொருளைப் பேணுதற்கு இரு வழிகள் உள. ஒன்று, அதனைத் துடைத்து, வர்ணம் பூசி, காட்சிச்சாலையிலே நிறுத்திவிடுவது. மற்றையது, அதனிடம் தொடர்ந்து வேலை வாங்குவது. தமிழ்நாட்டின் நீலகிரி மலைப் பாதையில் ஓடும் எக்ஸ் வகுப்பு நீராவி இயந்திரங்களுக்கு வாய்த்தது இரண்டாவது வழி. அதுவே சிறந்தது என்பதும், அவ்வழியை மேற்கொண்டோர் புதிய இயந்திரம் ஆக்கவும் தயங்கலாகாது என்பதும் எனது துணிபு.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை அப்பாதையின் நீளம் 46 கிலோமீற்றர். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் அது திறக்கப்பட்டது. 326 மீற்றர் உயரத்தில் தொடங்கி 2,200 மீற்றருக்கு மேல் ஏறுகின்றது. நமது மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் 44 அடி தூரத்துக்கு ஓரடி உயர்வதையே நாம் கடும் ஏற்றம் என்போம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையிலோ, ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி! அத்தகைய சரிவில் வெறும் இரும்புச் சில்லு வழுக்கிவிடும். ஆதலால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரட்டைச் சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றையதன் இடைவெளி அமையும். சுவிற்சர்லாந்தின் றோமன் ஆப்ற் என்னும் பொறியியலாளர் வகுத்த முறை இது.

அச்சட்டத்தைப் பற்றி ஏறுதற்கென்றே அதே நாட்டின் வின்ரர்தூர் நகரத் தொழிற்சாலை 1914 முதல் 1952 வரை 17 எக்ஸ் இயந்திரங்களை ஆக்கி அனுப்பியது. முதற் பன்னிரண்டு 1925க்குள் வந்தன. எஞ்சிய ஐந்தும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவை. அவற்றின் அமைப்பு வியக்கத்தக்கது. நான்கு உருளைகள், கீழே இரண்டு, மேலே இரண்டு. சமதரையில் கீழுருளைகள் மட்டுமே இயங்கிச் சில்லுகளைச் சுழற்றும். பற்சட்டம் தொடங்கியதும், கீழுருளைகளில் ஒருமுறை உழைத்துவிட்டு வெளியேறும் நீராவி வீணே புகைபோக்கிக்குச் செல்லாது மேலுருளைகளுக்குள் திருப்பப்படும். அங்கே அது பற்சில்லுகளைச் சுழற்றும். ஒரே நீராவி இருமுறை உழைக்கின்றது! சிக்கனத்திலே இதனை விஞ்சும் இல்லத்தரசியரும் அரியர். ஏறும்போது இயந்திரம் முன்னின்று இழுப்பதில்லை; கீழ்ப்புறம் நின்று தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடாமற் காத்தற்கு இதனினும் எளிய உபாயம் வேறென்ன?

2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றது. புகழ் வந்தது, ஆயின் இயந்திரங்களுக்கு முதுமையும் வந்தது. கொதிகலன்கள் நலிந்தன, மலையிடை வண்டி நின்றுபோதலும் நிகழ்ந்தது. சில இயந்திரங்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய் எரிப்பனவாக மாற்றப்பட்டன. இத்தனை சிக்கலான பொறியைப் புதிதாகச் செய்யும் துணிவு எவருக்கு உண்டு என்ற வினாவுக்கு விடையிறுத்தது திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை. 2011 முதல் சில ஆண்டுகளுக்குள், எண்ணெயில் இயங்கும் நான்கு புதிய எக்ஸ் இயந்திரங்கள் அங்கே உருவாயின. 2021இல் நிலக்கரியில் இயங்கும் ஒன்றும் வெளிவந்தது.

“இவை போலிகள்; வின்ரர்தூரில் வார்த்த இரும்பன்றோ மெய்யான எக்ஸ்” என்று முகஞ்சுழிக்கும் புகையிரதப் பிரியர் உளர். அவர்தம் பற்றை மதிக்கின்றேன், வாதத்தை ஏற்கிலேன். நாள்தோறும் ஓடும் இயந்திரத்திலே முதல் நாளைய இரும்பு எவ்வளவு எஞ்சும்? குழாய்கள் மாறும், பற்சில்லுகள் தேய்ந்து மாறும், கொதிகலனே மாறும். இக்கல்லூரியைத் தொடக்கியோர் எவரும் இன்று நம்மிடையே இல்லை. அதனால் நாம் வேறொரு கல்லூரியிற் பயின்றோம் என்போமா? ஒரு வகுப்பு இயந்திரம் என்பது அதன் அமைப்பும், அதனை ஆக்கவும் ஓட்டவும் வல்லார் கைப்பழக்கமுமே. நூறாண்டுப் பழமை வாய்ந்த இயந்திரத்தை மண்டபத்தில் நிறுத்தினால் இரும்பு காக்கப்படும்; உருளைக்கு நீராவி திருப்பும் தருணத்தை ஒலி கேட்டே உணரும் சாரதியை எந்த மண்டபத்தில் நிறுத்துவது? அவர் தம் அறிவை இளையவருக்குக் கையளித்தற்கு ஓடும் இயந்திரம் ஒன்று வேண்டும்.

ஒரு குறை உண்டு. குன்னூருக்கு மேலே, உதகை வரை, வழக்கமான வண்டிகளை டீசல் இயந்திரங்களே இழுக்கின்றன. அங்கே பற்சட்டம் இல்லை. ஆதலால் டீசல் போதும் என்பது நிருவாகத்தின் கணக்கு. கணக்கு சரியே. எனினும், புதிய இயந்திரங்கள் கைவசம் உள்ளபோது, வாரத்தில் ஒரு நாளேனும் நீராவி வண்டியை உதகை வரை ஓட்டுதல் பெருஞ்செலவாகாது. ஏறுதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகின்றது; இன்னும் அரைமணி கூடினும் அவ்வண்டியில் ஏறுவோர் முணுமுணுக்கமாட்டார். அவசரமுள்ளோருக்குப் பேருந்து இருக்கின்றது.