உபயக் கேமராக்கள் யாரைப் பார்க்கின்றன?

எங்கள் ஊர் நகராட்சியின் அடுத்த மன்றக் கூட்டத்தில் சிசிடிவி கேமராக்கள் பற்றிய தீர்மானம் வருகிறது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிப்பதா, கேமராக்களை இன்னும் கூட்டுவதா, மொத்தமாகக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிடுவதா என்று உறுப்பினர்கள் முடிவெடுக்கப் போகிறார்கள். பேச்செல்லாம் எத்தனை லட்சம் ஆகும் என்பதைச் சுற்றியே நடக்கிறது. அந்தக் கேமராக்கள் இதுவரை யாரைப் பார்த்தன என்று ஒருவரும் கேட்கவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு மாலை நடந்தே எண்ணிப் பார்த்தேன். பேருந்து நிலையத்தில் இருக்கிறது, கடைவீதியில் இருக்கிறது, தேர்முட்டியில் இருக்கிறது. எங்கள் தெருக்களுக்குத் திரும்பும் முக்கில் மட்டும் மூன்று. மூன்றும் உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் முகம் பதியும்படி திருப்பப்பட்டிருக்கின்றன. முக்கைத் தாண்டி உள்ளே ஒன்றுகூட இல்லை, தெருவிளக்கே பாதி எரிவதில்லை. கம்பங்களில் ‘உபயம்’ என்று தகடு அடித்திருக்கிறார்கள். ஒன்றில் நகைக்கடையின் பெயர், இன்னொன்றில் ஒரு சாதிச் சங்கத்தின் பெயர். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகலாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த எல்லைக்கல்லின் இடத்தில் இப்போது கேமராக் கம்பம் நிற்கிறது.

இது எப்படி வந்தது என்பது இரகசியமல்ல. சென்னையில் 2017க்குப் பிறகு ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் காவல்துறை பெரிய அளவில் கேமராக்களைப் பொருத்தியது. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் கொடுக்க ஊக்குவிக்கப்பட்டார்கள். அதே முறையைத்தான் சிறிய ஊர்களிலும் பார்க்கிறோம். பணம் கொடுக்கிறவர் எதைக் கண்டு பயப்படுகிறாரோ அந்தப் பக்கம் கேமரா திரும்புகிறது. நகைக்கடைக்காரர் பயப்படுவது யாரைப் பார்த்து என்று நமக்குத் தெரியாதா?

“தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்று கேட்பார்கள். என் சித்தப்பா மகன் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறான். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கடைவீதியில் ஒரு பைக் காணாமல் போனது. அந்த நேரத்தில் கேமராவில் பதிந்த முகம் என்று அவனையும் இன்னும் மூன்று பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். இரவு வரை உட்கார வைத்து அனுப்பினார்கள். பைக் பிறகு வேறெங்கோ கிடைத்தது. அந்த நாள் கூலியை யாரும் தரவில்லை. வேலைக்குப் போவதே சந்தேகத்துக்குரிய நடமாட்டமாகப் பதிவாகிறது என்றால், தப்பு செய்யாதவனுக்கும் பயப்படக் காரணம் இருக்கிறது.

கேமராக்களுக்கு இடம் தேர்ந்தெடுத்தது யார், பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. எங்கள் முகம் அவர்களிடம் இருக்கிறது. அதற்கான விதி என்ன என்று கேட்க மட்டும் எங்களுக்கு உரிமை இல்லையாம்.

நம் தோழர்களே எதிர்க்கேள்வி கேட்பார்கள்: ஆணவப்படுகொலை வழக்குகளில் கேமராதானே உதவியது? உதவியது, மறுக்கவில்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போன கோகுல்ராஜ் மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். கோயில் கேமராப் பதிவுகள் அந்த வழக்கில் முக்கியமான சாட்சியம். ஆனால் உடன் சென்ற பெண், அந்தப் பதிவில் இருப்பது தானே அல்ல என்று நீதிமன்றத்தில் சொல்லும் அளவுக்கு ஊரில் சாதியின் பிடி இருந்தது. 2023இல் உயர்நீதிமன்ற நீதிபதிகளே நேரில் கோயிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. யுவராஜ் தண்டிக்கப்பட்டதற்குப் பின்னால், விடாமல் போராடிய ஒரு தாயும் வழக்கறிஞர்களும் இயக்கங்களும் இருக்கிறார்கள். கேமரா தானாக நீதி வாங்கித் தரவில்லை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கேமரா அதை முழுதாகப் பதிந்தது, தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கேமராவுக்குப் பயந்து யாரும் அரிவாளைக் கீழே போடவில்லை.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிக்கப்பட்ட காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. போதுமான சேமிப்பு வசதி இருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில்தான் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவும் இந்தச் சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. 2015 திருத்தத்தில் வந்த பிரிவு இது. உங்கள் மாவட்டத்தில் அது நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். அதிகாரத்தைப் பார்க்க வேண்டிய கேமராவுக்குச் சட்டம் போட்டும் போராட வேண்டியிருக்கிறது. சேரியைப் பார்க்கும் கேமராவுக்கு ஓர் உபயதாரர் போதும்.

வைத்த கேமராவை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சோர்ந்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 2010இல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்களைப் பொருத்தினார்கள். குற்றத்தடுப்புக்கு என்று மக்களிடம் சொன்னார்கள். பணம் வந்ததோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. உண்மை வெளியானதும் மக்கள் திரண்டார்கள். விசாரணை நடந்தது, காவல்துறை மன்னிப்புக் கேட்டது, 2011இல் கேமராக்கள் கழற்றப்பட்டன. அங்கே அது மதமும் நிறமும். இங்கே சாதி.

எனவே மன்ற உறுப்பினர்களிடம், குறிப்பாக நம் வாக்கில் வென்ற உறுப்பினர்களிடம், கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு கேமராவும் எங்கே, எந்தத் திசையில், யார் பணத்தில் என்ற பட்டியல் நகராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சாதிச் சங்கங்களின் உபயத்தை ஏற்கக் கூடாது, ஏற்கனவே உள்ள தகடுகளை அகற்ற வேண்டும். சேரி முகப்பைக் குறிவைக்கும் கேமராக்களை, அங்கே வாழ்கிறவர்கள் ஒப்பினாலொழியக் கழற்ற வேண்டும். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் எடுத்துப் பார்த்தார்கள் என்பதற்குப் பதிவேடு வேண்டும். வன்கொடுமைப் புகார் கொடுத்தவர் கேட்டால் அந்த நேரத்துப் பதிவை உடனே பாதுகாத்து நகல் தர வேண்டும். மிச்சமாகும் பணத்தில் முதலில் எங்கள் தெருவிளக்கை எரிய விடுங்கள்.

இதைப் பேச ஓர் இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் நகர்ப்புறத்திலும் பகுதி சபைகள் உண்டு. பெரும்பாலும் அங்கே சாக்கடை, குடிநீர் பற்றித்தான் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் கேமராவையும் பேசுவோம். போவதற்கு முன் உங்கள் ஊர்க் கம்பங்களையும் ஒருமுறை நடந்து எண்ணிவிடுங்கள். எத்தனை என்பதோடு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.