இனிப்புக்காக ஒரு பட்டினி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் பிறந்தநாளை முன்னிட்டு, இனிப்பு வகைகளை மட்டுமே பரிமாறும் ஒரு பஃபேக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் ஒன்றரை மணி நேரம் வேண்டிய மட்டும் சாப்பிடலாம். மாடியில் எட்டே மேசைகள். வரிசை படிக்கட்டு முழுவதையும் அடைத்து நின்றது. நீரிழிவு மருத்துவருக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்டால், பேசாமல் தலைகுனிந்து கொள்வேன்.

எங்களோடு வந்திருந்த என் மாமனாருக்கு வயது 74. நீரிழிவுக்காகக் காலையில் கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துக்கொள்பவர். "தாத்தா, மதியம் சாப்பிடாதீங்க, வயித்துல இடம் வச்சுக்குங்க" என்று பேத்தி சொல்ல, அவரும் மோர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். அருகில் இருந்த நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் முக்கால் மணி நேரம் சென்றது. ஒருபோதும் குரல் உயர்த்தாத மனிதர், பேத்தியிடம் எரிந்து விழுந்தார். கூட்டமும் புழுக்கமும்தான் காரணம் என்று எண்ணினேன். அவர் சட்டைக் கழுத்து நனைந்திருப்பதையும் கை நடுங்குவதையும் கண்டவள் என் மனைவி. அவளுடைய கைப்பையிலிருந்த கருவியில் பார்த்தபோது சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

உள்ளே மேசையில் இருந்த ஒருவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். இன்னொருவர் பிரவுனியை நீட்டினார். அன்போடு நீட்டியதுதான், ஆனால் கேக், சாக்லேட் போன்றவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்நேரத்திற்குத் தேவை சுமார் 15 கிராம் சர்க்கரை, விரைவில் கலக்கும் வடிவில். அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர். நான் குலாப் ஜாமூன் பாத்திரத்திலிருந்து பாகை மட்டும் மொண்டு நீரில் கலந்து கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 82. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, நேரே மருத்துவமனைதான்.

ஆபத்து அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அம்மாத்திரையின் விளைவு நாள் முழுவதும் நீடிக்கக் கூடியது. பாகின் வேகம் அடங்கியதும் சர்க்கரை மீண்டும் இறங்கலாம். கீழே உணவகத்திலிருந்து இட்லி வாங்கி வரச் செய்தோம். இனிப்பு பஃபேயில் இட்லி சாப்பிட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். இரவிலும் இருமுறை சோதித்தோம்.

என் அறைக்கு வருவோரிடம் "இனிப்பைத் தொடாதீர்கள்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். "மாத்திரை போட்டுவிட்டு ஒருவேளை உணவைக்கூடத் தவிர்க்காதீர்கள்" என்பதை, அடுத்த நோயாளிக்காக மணி அடித்துக்கொண்டே சொல்கிறேன். என் கருத்தில் இது எங்கள் பிழை. முற்றிலும் தடுத்தால் நோயாளி மறைக்கத் தொடங்குவார்; மறைப்பவர் தாமே கணக்குப் போடுவார். இனிப்புக்கு ஈடாக உணவைக் குறைப்பது ஒரு கணக்கு. ஒரு மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிட்டுச் செல்வது அதைவிடக் கொடிய கணக்கு.

பஃபே நல்ல இடம் என்று வாதிட வரவில்லை. ஒரு சுவை திகட்டினாலும் வேறொரு சுவையைக் கண்டதும் பசி மீளும். அது மனித உடலின் இயல்பு. கொடுத்த பணத்திற்கு ஈடாக உண்ண வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தால் யாருக்கும் அளவு தப்பும். சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களும், காலில் புண் உள்ளவர்களும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் அங்கே போகவே வேண்டாம். மற்றவர்கள் போவதாக இருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள், திட்டமாட்டோம். வழக்கமான மதிய உணவை உண்டுவிட்டுப் போங்கள். வீட்டுப் பெரியவரிடம் "இடம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள்.

அன்று நாற்காலி கொடுத்தவர் என் நோயாளிதான். என்னைக் கண்டதும் தம் தட்டை மேசைக்கடியில் தள்ளியதையும் நான் பார்த்திருந்தேன். வியாழனன்று பரிசோதனைக்கு வந்தவரிடம், அன்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நீங்க முதல்ல சொல்லுங்க டாக்டர்" என்றார்.

இரண்டு ரசமலாய், ஒரு துண்டு கேக் என்றேன். பிறகு அவர் தம்முடையதைச் சொன்னார். பட்டியல் கொஞ்சம் நீளம்தான்.