பொறிகளிடையே தூது

நாமக்கல் வட்டாரத்தில் முட்டை ஏற்றுமதி செய்வோர் அனைவரும் அறிந்த கணக்கொன்று உண்டு. 30 முட்டை கொண்ட ஓர் அட்டையை மட்டும் ஏற்றி ஒரு லாரியைச் சென்னைக்கு ஓட்டுவார் ஒருவரும் இலர். ஓர் அட்டையாயினும் முழுச்சுமையாயினும் வழி ஒன்றே. செல்லும் பொழுதும் ஏறத்தாழ ஒன்றே. மேலும், சரக்கு ஏற்றும் இடத்திலேயே வண்டி நெடும்பொழுது நின்றுவிடின், நெடுஞ்சாலையில் எத்துணை விரைந்து ஓடினும் இழந்த பொழுது மீளாது. எளியனவாகிய இவ்விரு உண்மைகளையும் பெருங்கணிப்பொறிகளை இயக்குவோரும் சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

பெருங்கணிப்பொறி என்பது ஆயிரக்கணக்கான செயலிகள் ஒரே கணக்கைப் பங்கிட்டுக்கொண்டு ஒருங்கே உழைக்கும் கூட்டமாகும். மழைக் கணிப்பினை எடுத்துக்கொள்க. நிலப்பரப்பையும் அதன்மேல் உள்ள காற்றையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, செயலிக்கு ஒரு தொகுதியாக ஒப்படைப்பர். சேலத்து வானத்தைக் கணக்கிடும் செயலிக்கு நாமக்கல்லின்மேல் வீசும் காற்றின் வேகமும் ஈரமும் தெரிந்தாக வேண்டும். ஆதலின் ஒவ்வொரு படியிலும் அண்டைச் செயலிகள் ஒன்றற்கொன்று தூது விடுகின்றன. தூது வந்து சேராமல் அடுத்த படிக்குச் செல்லல் இயலாது. தூது சென்றது திரும்பும்வரை வழிபார்த்து நிற்றல் தமிழ் இலக்கியத்திற்கு அழகு தந்தது. கணிப்பொறிக்கு அஃது அழகன்று. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஓரிரு கூறு பொழுதிலேயே ஒரு சிறு தூது சென்றுவிடலாம். எனினும் அதற்குள் ஒரு செயலி ஆயிரக்கணக்கான கூட்டல் பெருக்கல்களை முடித்துவிடும் அன்றோ? இக்காத்திருப்பு கோடிக்கணக்கில் பெருகுமாயின், நாளைய மழையைப் பற்றிய முடிவு, மழை பெய்து ஓய்ந்தபின்னரே கைக்கு வரும். நிலக்கடலையைக் களத்தில் காயவைத்திருக்கும் உழவருக்கு அதனால் யாது பயன்?

இத்துறை இந்தியாவிற்குப் புதிதன்று. அயல்நாட்டுப் பெருங்கணிப்பொறிகளைப் பெறுவதில் தடை நேர்ந்த காலத்தில், 1988-ஆம் ஆண்டு சி-டாக் என்னும் மையம் புனேயில் நிறுவப்பட்டது. 1991-இல் அது ‘பரம் 8000’ என்னும் பொறியை ஆக்கியது. அதன் சில்லு ஒவ்வொன்றும் நான்கு வாயில்களின் வழியே பிற சில்லுகளோடு பேசியது. 1994-இல் எம்.பி.ஐ. என்னும் பொதுநெறி வெளிவந்தபின், தூது விடும் முறை உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றாயிற்று.

செயலிகளின் எண்ணிக்கையைக் கூறிப் பெருமை கொள்ளும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அஃது அரைப் பெருமையே. பகிர்ந்துகொள்ள இயலாத வேலை வேகத்திற்கு எல்லை கட்டும் என்பதனை ஜீன் அம்டால் 1967-இலேயே எடுத்துரைத்தார். அவ்வேலை பத்தில் ஒரு பங்காயின், எத்தனை ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. தூதின் நிலை இதனினும் கடிது. ஆள் கூடக் கூடப் பேச்சும் கூடும்.

ஆகவே முதற்கண் வேண்டுவது அளவை. ஒரு செயலி மற்றொன்றற்குச் சிறு செய்தி விடுத்து, அது திரும்பி வரும் பொழுதை அளந்து பாதியாக்குவர். பின்னர்ச் செய்தியை இரட்டித்து இரட்டித்து அளப்பர். சிறு செய்தி வழியின் தாமதத்தைக் காட்டும். பெருஞ்செய்தி வழியின் கொள்ளளவைக் காட்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதற்கென ஆக்கிய அளவைக் கருவிகளை யாவரும் விலையின்றிப் பெறலாம்.

வழியை அளந்தால் மட்டும் போதாது. நிரலையும் அளத்தல் வேண்டும். எச்செயலி எப்பொழுது உழைத்தது, எப்பொழுது வாளா இருந்தது என்பதனைப் பதிவு செய்து நோக்கின், வலையமைப்பைக் குறை கூறியவர் பலர் நாணுவர். மழைமேகம் திரண்ட கொல்லிமலைப் பகுதியைப் பெற்ற செயலிக்குக் கணக்கு மிகுதி. தெளிந்த வானத்தைப் பெற்ற செயலிக்குக் குறைவு. பின்னது முன்னதற்காகக் காத்து நிற்கும். இந்நிலையில் விரைவு மிக்க இணைப்பை விலைகொடுத்து வாங்குதல், சரக்கு இன்னும் ஏற்றப்படாத லாரிக்காகப் புதிய சாலை போடுவதை ஒக்கும். பங்கீட்டைச் சமன் செய்தலே அங்குத் தக்கது. பல சிறு செய்திகளை ஒருங்கே கட்டி அனுப்புதலும், தூது வருமளவும் எல்லையைச் சாராத உட்கட்டங்களைக் கணக்கிட்டிருத்தலும் பிற வழிகள்.

புதிய பொறி வந்தால் இக்குறை தானே நீங்கும் என்பாரும் உளர். வானிலை ஆய்விற்காகப் புனேயில் 2018-இல் ‘பிரத்யூஷ்’ வந்தது. 2024-இல் ‘அர்கா’ வந்தது. ஆயினும் செயலியின் வேகம் வளர்ந்த அளவிற்குத் தூதின் வேகம் வளர்ந்திலது. ஆதலின் புதிய பொறியில் காத்திருப்பின் பங்கு மிகுதலும் கூடும்.

காவிரி நாமக்கல்லைக் கடந்து கீழே செல்லும் திருச்சிராப்பள்ளியில், தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் ‘பரம் பொருள்’ என்னும் பெருங்கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். நிரல்கள் அவ்வுச்சத்தை எட்டுதல் அரிது. எவ்வளவு நெருங்கும் என்பது எழுதுவோர் கையில் உள்ளது. மக்கள் பணத்தால் நிற்கும் அப்பொறி வாளா இருக்கும் நொடியிலும் மின்சாரம் செலவாகிறது. சேலம், நாமக்கல் பகுதிகளினின்று பொறியியல் பயிலச் செல்லும் இளைஞர் பலர், சரியான விடை வந்ததும் வேலை முடிந்ததென எழுந்துவிடுகின்றனர். விடை வர ஆன பொழுது எவ்வளவு, அதனுள் காத்திருந்த பொழுது எவ்வளவு என்னும் இரண்டு எண்களையும் அவர்கள் விடையோடு சேர்த்து எழுதுமாறு செய்து, அவற்றிற்கும் கல்லூரிகள் மதிப்பெண் வழங்குதல் வேண்டும்.