மரக்கலம் மேடையில் மட்டும்தானா?



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் கல்விச் சுற்றுலா பற்றிய கூட்டம் நடைபெற்றது. வழக்கம்போல் நீர் விளையாட்டுப் பூங்கா, விலங்குக்காட்சி சாலை, பேரங்காடி ஆகியவை பட்டியலில் இருந்தன. நான் எழுந்து, "இவ்வாண்டு கோலத் திரங்கானுவில் உள்ள டுயோங் தீவுக்குப் போகலாமே. மரக்கலம் கட்டுவதில் பெயர் பெற்ற ஊர் அது" என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெற்றோர் ஒருவர், "ஐயா, பழைய படகைப் பார்ப்பதற்கா பிள்ளைகளை அவ்வளவு தூரம் அழைத்துக்கொண்டு போவது?" என்றார். இன்னொருவர், "அது சோதனையில் வருமா, ஐயா?" என்று கேட்டார்.

யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சோதனை போய்விட்டது, கேள்வி மட்டும் போகவில்லை!

என் கருத்து ஏற்கப்படவில்லை. அது பெரிதன்று. ஆனால் அன்று பிற்பகல் அதே மண்டபத்தில் பேச்சுப் போட்டிக்கான ஒத்திகை நடந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்த வரலாற்றை மேடை அதிர முழங்கினான். 'மரக்கலம்' என்னும் சொல் அவன் உரையில் மூன்று முறை வந்தது. காலையில் படகு வேண்டாம் என்றவர்களே மாலையில் கைதட்டினார்கள். இறங்கி வந்தவனிடம், "தம்பி, மரக்கலத்தை எந்த மரத்தால் கட்டுவார்கள்?" என்று கேட்டேன். விழித்தான். அவன் மீது குற்றமில்லை. அவ்வுரையை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் பெருமை இருந்தது, மரம் இல்லை.

அன்று கூட்டத்தில் சொல்ல இயலாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

கட்டுவிரியனின் கதை

நம் கடலில் ஓடிய ஒரு மரப்படகு இன்று எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுபதடி நீளமும் பதினோரடி அகலமும் கொண்ட அப்படகு ஜப்பானில் கட்டப்பட்டு, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டிருந்தது. அன்று அதன் பெயர் 'கோஃபுக்கு மாரு'. 1941 டிசம்பரில் போர் மூண்டதும் பிரிட்டிஷார் அதைக் கைப்பற்றினர். சிங்கப்பூர் வீழ்ந்த நாள்களில் ஓர் ஆஸ்திரேலிய மாலுமி அதை ஓட்டிச் சென்று, சுமத்திராக் கடற்பகுதியில் தவித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றினார். பின்னர் படகு இந்தியா போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு 'கிரைட்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். கிரைட் என்றால் வேறொன்றுமில்லை, நம் கட்டுவிரியன் பாம்புதான். சிறியது, ஆனால் கொல்லும்.

1943 செப்டம்பர் 2ஆம் நாள் அப்படகு பதினான்கு பேருடன் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டது. அவர்கள் மேனியில் கருஞ்சாயம் பூசி, கைலி கட்டி, ஜப்பானியக் கொடியைப் பறக்கவிட்டு மீனவர்களைப் போல் வந்தார்கள். செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, அவர்களுள் அறுவர் மூன்று மடக்குப் படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜப்பானியருடைய கப்பல்களில் வெடிகளைப் பொருத்தினர். அக்டோபர் 19ஆம் நாள் பதினால்வரும் உயிருடன் திரும்பினர். 'ஜேய்விக் நடவடிக்கை' என்று வரலாறு இதனைக் குறிக்கிறது.

போர் முடிந்தபின் அந்தப் படகு என்ன ஆனது? வடபோர்னியோவில் ஒரு மர நிறுவனத்தின் கையில் வேறு பெயருடன் உழைத்துக்கொண்டிருந்தது. எந்த அரசும் அதைத் தேடவில்லை. அதன் கதையை அறிந்த சில ஆஸ்திரேலியர்கள் அதை அடையாளம் கண்டு, பொதுமக்களிடம் நிதி திரட்டி விலைக்கு வாங்கி, 1964இல் சிட்னிக்குக் கொண்டு சென்றனர். தன்னார்வக் கடலோரக் காவல் அமைப்பினர் அதைப் பயிற்சிக்கும் மீட்புப் பணிக்கும் பயன்படுத்திக் காத்துவந்தனர். 1985இல்தான் அது ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் உடைமையாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்தது ஆர்வலர் கைகள். அருங்காட்சியகம் பின்னால் வந்தது. இவ்வரிசையைத் தயவு செய்து மனத்தில் கொள்ளுங்கள்.

மரம் சும்மா இருக்காது

மரப்படகைக் காப்பதென்பது சிலைக்கு மாலை போடுவது போன்ற வேலையன்று. நீரில் கிடந்தால் கப்பற்புழு துளைக்கும். பாசியும் சிப்பியும் அடியில் ஒட்டும். சரி என்று கரையில் ஏற்றி வைத்தால், பலகை உலர்ந்து சுருங்கி, மூட்டுகள் வாய் பிளக்கும். மேற்தளத்தில் மழைநீர் தேங்கினால் மரம் உளுத்துப் போகும். ஆகவே ஆண்டுதோறும் படகைக் கரையேற்றிச் சுரண்ட வேண்டும். மூட்டுகளில் நார் திணிக்க வேண்டும். சாயம் பூச வேண்டும். உளுத்த பலகையை எடுத்துவிட்டு அதே அளவில் புதுப்பலகை பொருத்த வேண்டும். இவ்வேலைக்கு விடுமுறை கிடையாது.

இங்கிலாந்தில் இதற்கெனவே வாழ்பவர்கள் உண்டு. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,226 படைவீரர்கள் மீட்கப்பட்டனர். அம்மீட்புக்குப் போர்க்கப்பல்களோடு, தேம்சு ஆற்றில் உல்லாசமாக ஓடிக்கொண்டிருந்த சிறு மர விசைப்படகுகளும் சென்றன. 1965இல், இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, அவற்றுள் 43 படகுகள் மீண்டும் டன்கர்க்குக்குக் கடல் கடந்து சென்றன. அதன் பயனாக எழுந்ததுதான் டன்கர்க் சிறு படகுகள் சங்கம். பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர்கள் அக்கடலைக் கடக்கிறார்கள், 2025இலும் கடந்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கடலைக் கடக்க வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தால், படகைப் படகாகவே வைத்திருக்க வேண்டும். மெழுகு பூசிய பொம்மையாக வைத்திருக்க முடியாது.

"வெள்ளைக்காரனுக்குப் பணமும் பொழுதும் இருக்கிறது, செய்கிறான்" என்று நீங்கள் சொல்லலாம். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. மரப்படகு வைத்திருப்பவர்களில் வசதி படைத்தவர்களே மிகுதி. ஆனால் கிரைட் படகை மீட்டது பொதுமக்கள் கொடுத்த நன்கொடை. நம்மிடமும் பணம் இல்லாமல் இல்லை. ஒரு விருந்து மண்டபத்து இரவுக்கு நாம் செலவிடும் தொகையை நாமே அறிவோம்.

யார் காத்தாரோ அவர் கதை

இன்னொரு கேள்வியும் எழலாம். "அது ஆஸ்திரேலியர்களின் வீரக்கதை. நமக்கென்ன?"

நமக்கு இருக்கிறது, நெஞ்சு வலிக்கும் அளவுக்கு இருக்கிறது. கப்பல்கள் வெடித்த பிறகு, அது உள்ளூர் உளவாளிகளின் வேலை என்று ஜப்பானிய இராணுவக் காவல்படை முடிவு கட்டியது. 1943 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கி 57 பொதுமக்களைப் பிடித்துச் சென்று வதைத்தது. பதினைந்து பேர் மாண்டனர். அவர்களுக்கும் அத்தாக்குதலுக்கும் எத்தொடர்பும் இல்லை. இரண்டு பத்து நிகழ்வு என்று சிங்கப்பூரில் இதனைக் குறிப்பிடுவர். பதினால்வர் வந்த படகு காக்கப்பட்டது. அவர்கள் கதை பலகையோடு நிற்கிறது. பதினைவர் கதைக்குப் பலகை இல்லை. ஏடு மட்டும் இருக்கிறது. யார் பொருளைக் காத்தாரோ அவர் கதையே உரக்கக் கேட்கும். இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் நடப்பது இதுதான். நியாயமில்லை என்று புலம்புவதால் பலகை முளைக்காது.

நம் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுத் தொழிலில் மேலோங்கி இருந்தவர்கள் யார் தெரியுமா? சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். பின்னாளில் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1977இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டம் தொடங்கி, 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. இன்று அவ்வாற்றில் அதே வடிவப் படகுகள் சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. நம் மாணவர்களும் ஏறுகிறார்கள்; நிழற்படம் எடுக்கிறார்கள். தொங்கான் என்ற சொல் நம் மூத்தோர் நாவில் புழங்கிய சொல் என்று அவர்களிடம் எந்த ஆசிரியர் சொன்னார்? நான் சொன்னதில்லை.

நம் பாட்டன்மார் ஏறி வந்த ரஜூலா மரக்கலமன்று, இரும்புக் கப்பல். 1926இல் கட்டப்பட்ட அது 1970களில் உடைக்கப்பட்டது. கப்பலைக் காக்க நம்மால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் என் பாட்டனார் தூக்கி வந்த தகரப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. வீடு மாறியபோது பழைய இரும்பு வாங்குபவரிடம் அதைப் போட்டோம். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவன் நான். அடுத்த வாரமே 'நம் வேர்கள்' என்னும் தலைப்பில் பள்ளி ஆண்டிதழுக்குக் கட்டுரை எழுதினேன். பிறரைச் சாடும் தகுதி எனக்குக் குறைவு என்பதற்காக இதனைச் சொல்கிறேன்.

டுயோங் தீவுக்கு ஏன் போக வேண்டும்?

திரங்கானு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ளது டுயோங் தீவு. அங்குள்ள மலாய்த் தச்சர்கள் வரைபடம் இல்லாமல் மரக்கலம் கட்டியவர்கள். முதலில் எலும்புக்கூடு போல் சட்டங்களை நிறுத்திப் பிறகு பலகை அடிப்பது மேலைநாட்டு முறை. இவர்கள் முறை தலைகீழானது. செங்கால் மரப்பலகைகளைத் தீயில் வாட்டி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மரமுளைகளால் இணைத்து, உடலை எழுப்பிய பிறகே உள்ளே சட்டங்களைப் பொருத்துவார்கள். இரு பலகைகளுக்கு இடையே கெலாம் மரத்தின் பட்டையை வைப்பார்கள். நனைந்தால் அது உப்பி மூட்டை அடைத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் பெயர் பெற்றதும் இதே மரத்தால்தான். அளவெல்லாம் தச்சர் கண்ணிலும் கையிலும் இருந்தது. தந்தை செய்யப் பார்த்து மகன் கற்றான்.

அந்த வழி அறுந்துகொண்டே வருகிறது. பெரிய பாய்மரக் கப்பல்களுக்கு உள்ளூரில் வேலை இல்லாமற்போன காலத்தில், அவற்றைக் கட்டச் சொல்லி வந்தவர்கள் வெளிநாட்டு ஆர்வலர்கள். ஜெர்மானியர் ஒருவர் 1980களின் தொடக்கத்தில் அங்கே 'நாகா பெலாங்கி' என்னும் கலத்தைக் கட்டுவித்து உலகைச் சுற்றினார். அதே பெயரில் இன்னும் பெரியதொரு கலம் 2009இல் அங்கே நீரில் இறங்கியது. இதற்கிடையே 2005இல் அத்தீவில் மான்சூன் கோப்பை என்னும் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி கோலாகலமாகத் தொடங்கியது. போட்டியில் ஓடியவை கண்ணாடியிழைப் படகுகள்! மரக்கலத்தின் தாய்மண்ணில் விழா. விழாவில் மரத்துக்கு இடமில்லை. ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. நம் பேச்சுப் போட்டி மேடையும் அத்தகையதுதானே?

"அது மலாய்க்காரர் மரபு, தமிழ்ப்பள்ளிக்கு எதற்கு?" என்றும் ஒருவர் காதோடு சொன்னார். நான் அப்படி எண்ணவில்லை. தமிழன் கட்டிய கலம் ஒன்று இந்நாட்டில் நின்றிருந்தால் அங்கே அழைத்துச் சென்றிருப்பேன். இல்லை. பலகை எப்படி வளைகிறது, மூட்டு எப்படி அடைகிறது, ஒரு தொழில் ஒரு தலைமுறையில் எப்படி மறைகிறது என்பதை எந்த இனத்தார் பட்டறையிலும் கற்கலாம். இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்நாட்டு மரக்கலம் அந்நியமன்று.

நான் கேட்பது பெரிதன்று. மரப்படகு வாங்கச் சொல்லவில்லை. சங்கம் அமைக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை, மாணவர்கள் ஒரு பழம்பொருளைக் கையால் தொட்டு, துடைத்து, பழுது பார்க்கும் வாய்ப்பை ஏற்படுத்துவோம். பள்ளிக் கிடங்கில் கிடக்கும் பழைய மர மேசையில் தொடங்கலாம். அதைத் தேய்த்து எண்ணெய் பூசிய மாணவன், மரக்கலம் என்று மேடையில் முழங்கும்போது அச்சொல்லில் மரத்தின் மணம் இருக்கும். பெற்றோரே, வீட்டில் தாத்தாவின் பெட்டி இன்னும் இருந்தால், தயவு செய்து யாரிடமும் போட்டுவிடாதீர்கள். பிள்ளையிடம் கொடுத்துத் துருவைச் சுரண்டச் சொல்லுங்கள்.

அது சோதனையில் வராது. வர வேண்டியதும் இல்லை.

அடுத்த ஆண்டுச் சுற்றுலாக் கூட்டத்தில் மீண்டும் எழுந்து நிற்பேன். பேச்சுப் போட்டி உரையையும் இம்முறை திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதலாம். விடையளிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்