விருந்தாளியின் போர்வை

வீட்டுத் துணிமணிகளை அலமாரியில் அடுக்குவது எப்படி என்று போதிக்காத மாதர் பகுதி எந்தப் பத்திரிகையிலும் இல்லை. இப்போது கைப்பேசிப் படங்களிலும் இதே பாடந்தான். விளிம்போடு விளிம்பு பொருந்த மடிக்க வேண்டுமாம். வெள்ளை வேறு, வர்ணம் வேறு என்று பிரிக்க வேண்டுமாம். கதவைத் திறந்தவுடன் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். இருக்கட்டும். கண்ணுக்குக் குளிர்ச்சி கிடைத்துவிட்டது. உடம்புக்குக் குளிர் விட்டதா? இதை ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

எங்கள் தருமபுரிச் சீமை மேட்டுப் பூமி. மார்கழி, தை மாதத்துப் பனி இங்கே சாமானியமானதல்ல. வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைக் கிராமங்களை விட்டுவிடுங்கள். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும்கூட விடியற்காலையில் உடம்பு வெடவெடக்கும். அந்த நேரத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குள் எட்டிப் பாருங்கள். கூடத்து மூலையில் பாட்டி நைந்த சேலை ஒன்றை இரண்டாக மடித்துப் போர்த்துக்கொண்டு முடங்கிக் கிடப்பாள். மூன்று குழந்தைகள் ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். பத்தடி தூரத்தில் இரும்பு பீரோ. அதற்குள்ளே பவானி ஜமுக்காளம், சென்னிமலைப் போர்வை, சீரில் வந்த கம்பளி, மடிப்புக் கலையாத துண்டுகள், பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த வேட்டி சேலை எல்லாம் சுகமாகத் தூங்குகின்றன! அந்த வேட்டி சேலைத் திட்டம் 1983-இல் தொடங்கியது, ஏழை உடுத்த வேண்டும், நெசவாளிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக. பீரோவுக்குப் போர்த்துவதற்காக அல்ல.

"விருந்தாளி வந்தால் வேண்டுமே!" என்பது இதற்கெல்லாம் தயாராக இருக்கும் பதில்.

நான் ஒரு விருந்தாளி. கதை எழுதுகிறவனை நாலு ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இரவு யார் வீட்டிலாவது தங்க நேரும். ஆகையால் விருந்தாளிகளின் சார்பில் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. எங்களுக்கென்று பூட்டி வைத்து நீங்கள் எடுத்துத் தரும் போர்வை எப்படி இருக்கிறது தெரியுமா? மடித்த இடமெல்லாம் மஞ்சள் பாய்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் உள்ளே அடைபட்டுப் பூசணம் பிடித்திருக்கிறது. இதற்கெல்லாம் மேலே பாச்சை உருண்டையின் நெடி. தலைவரை இழுத்துப் போர்த்தால் தலைவலி, இறக்கிவிட்டால் குளிர்.

இந்தப் பாச்சை உருண்டையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேச வேண்டும். துணியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. அதற்கு ஆகாரம் கம்பளியும் பட்டும்; பருத்தி அல்ல. பட்டுக்கூடு அங்காடி உள்ள எங்கள் ஊரில், ஒரு புழு நூற்ற பட்டை இன்னொரு புழு தின்னும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பீரோவில் முக்கால்வாசி பருத்திதானே? அதைக் கெடுப்பது ஈரமும் இராமபாணப் பூச்சியும். இராமபாணம் வருவது நாம் போட்ட கஞ்சியைத் தின்பதற்கு. கஞ்சி போட்டு விறைப்பாக மடித்து மாதக் கணக்கில் பூட்டிவைப்பது, அதற்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான். கஞ்சியை அலசிப் போக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பெட்டியில் வைத்தால் உருண்டைக்கு அங்கே வேலையே இல்லை.

வேலை இல்லை என்பதோடு போயிற்றா? உருண்டையில் இருப்பது நாப்தலின். 1963-இல் கிரேக்க நாட்டு வைத்தியர்கள் ஒரு கொடுமையை எழுதிவைத்தார்கள். உருண்டை போட்டு வைத்திருந்த துணிகளின் ஆவியைச் சுவாசித்த பச்சிளங் குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள் காமாலை கண்டிருந்தது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்தக் குறை நம் நாட்டிலும் உண்டு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் தடவிய தோலில் நாப்தலின் இன்னும் சுலபமாக ஏறும் என்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையை, ஆசை ஆசையாகப் பீரோவைத் திறந்து எடுத்த புதுத் துணியில் சுற்றுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள்! நம் பாட்டிமார் பிறந்த பிள்ளையைப் பலதரம் துவைத்து வெயிலில் உலர்த்திய பழஞ்சேலையில்தான் கிடத்தினார்கள். தூளி கட்டியதும் அதில்தான். பழசு என்று நாம் ஒதுக்கியதில் ஞானம் இருந்தது. புதுசு என்று பூட்டியதில் விஷம் சேர்ந்தது.

"விருந்தோம்பல் தமிழன் பண்பாடு" என்று சிலர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். பண்பாடுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் இருப்பதைப் பகிர்ந்து தருவதற்குப் பெயர் விருந்தோம்பல். வீட்டுக் கிழவியை நடுங்கவிட்டு, வராதவனுக்காகக் கம்பளியைச் சிறைவைப்பதற்கு வேறு பெயர் உண்டு: வீண் ஜம்பம். பழியை மாமியாரின் சாவிக்கொத்தின் மேல் போட்டுவிட்டு ஆண்கள் நழுவ வேண்டாம். "நாலு பேர் வந்தால் நம்ம கௌரவம் என்ன ஆவது?" என்று வீட்டில் உரக்கச் சொல்கிறவர் யார்? அடுக்குகிறவள் மருமகள், அடுக்கியதில் ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொள்ளும் உரிமை மட்டும் அவளுக்கில்லை. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகும் குடும்பம் ஒரே மூட்டையில் இருக்கிற துணியை எல்லாருமாகப் போர்த்திக்கொள்கிறதே, அந்த மூட்டையில் உள்ள நியாயம் நம் பீரோவில் இல்லை.

அடுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து அடுக்குங்கள். முதியவர், நோயாளி, பிள்ளை பெற்றவள் ஆகியோரின் துணி கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். துவைத்து வந்ததை அடியில் வைத்து மேலிருந்து எடுங்கள். எல்லாத் துணியும் முறைவைத்து உழைக்கும். கம்பளியை அவ்வப்போது வெயிலில் உதறிப் போடுங்கள். பூட்டைக் கழற்றுங்கள்.

விருந்தாளி வந்தால்? வீட்டார் போர்த்துவதில் துவைத்த ஒன்றைக் கொடுங்கள். அதுவும் போதாது என்று முகம் சுளிக்கிறவன், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சேரட்டும்.