குற்றாலீஸ்வரன் எங்கும் காணாமற்போகவில்லை

அரிச்சல்முனையில் ஏதேனும் ஒரு சிறுவனோ சிறுமியோ தலைமன்னாரிலிருந்து நீந்திக் கரையேறிய செய்தி நாளிதழில் வந்த மறுநாள், ஆசிரியர் ஓய்வறையில் அந்தக் கேள்வி தவறாமல் எழும்: "குற்றாலீஸ்வரன்னு ஒரு பையன் இருந்தானே, என்ன ஆனான்?" பொறியியல் படித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார் என்று யாராவது விடை சொல்வார்கள். உடனே ஒரு பெருமூச்சு. கிடைத்தற்கரிய திறமையைக் கணினிக்கு முன்னால் தொலைத்துவிட்டார் என்பது அதன் பொருள். அந்தப் பெருமூச்சில் நியாயம் இல்லை என்பது நம் கட்சி.

நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 1966இல் மிகிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளை நீந்திக் கடந்தார். அவற்றுள் முதலாவது நம் பாக் நீரிணை. புயல் தனுஷ்கோடியைத் தின்று பதினாறு மாதங்கள்கூட நிறையாத நிலையில் இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் நீந்தி அவர் அங்கே கரை சேர்ந்தார். அந்தச் சாதனை இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றது. 1994இல் அதை முறியடித்தவர் ஈரோட்டில் பிறந்த ஒரு பள்ளி மாணவர். ஒரே ஆண்டில் ஆறு கடப்புகள். பாக் நீரிணையும் ஆங்கிலக் கால்வாயும் அவற்றுள் அடக்கம். அப்போது அவருக்கு 12 வயது. 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கே போயிருக்க வேண்டும்? பெருமூச்சு விடுவோர் எவரும் இதற்கு விடை சொல்வதில்லை. நீரிணை நீச்சலுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. அதற்குச் சற்றே நெருங்கிய பத்துக் கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2008இல், பெய்ஜிங்கில். அப்போது குற்றாலீஸ்வரனுக்கு 26 வயது. இடையில் பயணத்துக்கும் துணைப்படகுக்கும் பயிற்சிக்கும் பணம் தர ஆதரவாளர் கிடைக்கவில்லை என்று அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நல்ல வெண்பா எழுதிவிட்டால், அடுத்து எதைப் படிக்கலாம், யாரிடம் போகலாம் என்று சொல்ல நம்மிடம் ஆள் உண்டு. இந்தப் பையனுக்கு மாலை போட ஆள் இருந்தது. அடுத்த படியைக் காட்ட ஆள் இல்லை. இல்லாத பாதையில் அவர் நடக்கவில்லை என்று குறைப்படுவது என்ன முறை? படிக்கப் போனது அறிவுள்ள முடிவு. மிகிர் சென் தம் கடைசிக் காலத்தில் நினைவிழந்து, வறுமையில், ஊர் மறந்த மனிதராக 1997இல் இறந்தார். பாக் நீரிணையை 1971இல் போகவர நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயிலேயே உயிரைவிட்டார். பெருமூச்சு விடுவோர் இவற்றுள் எந்த முடிவை விரும்புகிறார்கள்?

நம் கோபம் இதோடு நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டது, குழந்தையின் வயதை இன்னும் குறைக்கலாம் என்பதை மட்டும்தான். 2019இல் தேனிச் சிறுவன் ஒருவன் 10 வயதில் இக்கடலைக் கடந்தான். 2022இல் மும்பைச் சிறுமி ஒருத்தி 13 வயதில், பதின்மூன்று மணி நேரம் நீந்தி வந்தாள். அந்தப் பிள்ளைகளின் துணிவை நாம் வணங்குகிறோம்; நீரோட்டத்தையும் சொறிமீனையும் இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 'மிக இளையவர்' என்னும் பட்டம் இன்னும் இளைய ஒரு குழந்தை வரும்வரைதான். வளரும் ஒவ்வொரு பிறந்தநாளிலும் தேய்ந்துபோகும் ஒரு பட்டத்தைப் பிள்ளைக்கு எதற்குச் சூட்டுகிறோம்? ஆங்கிலக் கால்வாயில் இன்று 16 வயது நிரம்பாதவர் இறங்க முடியாது. 1994இல் குற்றாலீஸ்வரன் செய்ததை அவர் வயதில் இன்று எவரும் அங்கே செய்ய இயலாது. வெள்ளைக்காரன் நிறுத்திக்கொண்டதை நாம் பாக் நீரிணையில் தொடர்கிறோம்.

இதைப் பற்றி வகுப்பில் பேச்செழுந்தபோது, பாம்பனிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை, நடக்கும்முன் நீந்தியவன். "நாங்க அந்தப் பக்கம் போனா பிடிச்சு உள்ள வைக்கிறாங்கய்யா. அவங்க வந்தா மாலை போடுறாங்க" என்றான். வகுப்பு சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. 1974இல் கோடு கிழிக்கப்பட்ட கடல் இது. அனுமதிக்கும் துணைப்படகுக்கும் வழியிருப்பவருக்கே இது விளையாட்டுக்களம். குற்றாலீஸ்வரனுக்குப் பின்னும் இந்தக் கரைப் பிள்ளைகளை முறையாகப் பழக்கி, தேசியப் போட்டிவரை கொண்டுசெல்லும் நெடுந்தூர நீச்சல் பயிற்சிக்கூடம் ஒன்றைப் பற்றி, மாலையோடு அரிச்சல்முனைக்கு வந்தவர் எவரும் பேசி நாம் கேட்டதில்லை.

இக்கடலில் நீந்த இரு நாட்டு அனுமதி வேண்டும். தாள் தாளாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாளில் வயது வரம்பு என்று ஒரு வரி சேர்க்கச் செலவு ஏதுமில்லை. பயிற்சிக்கூடத்துக்குச் செலவாகும். எதை முதலில் கேட்பது என்று இக்கரைக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகளாவது கூடிப் பேசட்டும்; மனு எழுத நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.